உளறல் என்னும் தீர்ப்பு

ஒருவர் பேச்சை ‘உளறல்’ என்று இன்னொருவர் சொல்லும்போது எதைக் குறை சொல்கிறார்? பேச்சில் பொருளே இல்லை என்கிறாரா, பொருள் இருந்தும் அது தவறு என்கிறாரா, சரியோ தவறோ தனக்குப் புரியவில்லை என்கிறாரா, புரிந்தாலும் காது கொடுக்கத் தகுந்ததல்ல என்கிறாரா? நான்கும் வெவ்வேறு குற்றச்சாட்டுகள். ஆனால் நான்குக்கும் ஒரே சொல்தான் கைக்கு வருகிறது. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினரின் பேச்சு, காய்ச்சல் முற்றியவரின் வார்த்தைகள், விளங்காத புதுக்கவிதை, இரண்டு முறை படித்தும் பிடிபடாத அரசாணை எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடைபட்டுப் போகின்றன.

பொருளற்ற பேச்சு என்று ஒன்று உண்டா, உண்டென்றால் எதைக் கொண்டு அதை அறிவது என்பது இன்று நேற்று எழுந்த கேள்வியன்று. வேதச் சொற்களுக்கு விளக்கம் கண்ட யாஸ்கர், தமிழுக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர், வாதத்துக்கு விதி வகுத்த நியாய நூலார், இருபதாம் நூற்றாண்டின் வியன்னா மெய்யியலாளர்கள், மானிடவியலாளர்கள், மூளை மருத்துவர்கள் எனப் பலரும் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். அவற்றுள் முதன்மையானவற்றை இங்கே வரிசைப்படுத்திப் பார்க்கலாம். ஒப்பிட்டால் ஒன்று தெரிகிறது. பொருளின்மையைப் பேச்சுக்குள்ளேயே கிடக்கும் குணமாகக் கொண்ட விடைகள் ஏதோ ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. பேசுபவர், கேட்பவர், அவை என்னும் மூவருக்கிடையே வழங்கப்படும் தீர்ப்பாக அதைக் கொண்ட விடையே கூடுதல் தூரம் போகிறது.

தமிழ்ச் சொற்கள் காட்டும் பாகுபாடு

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. உளறல், பிதற்றல், குளறல், பினாத்தல், பேத்தல் எனப் பல உண்டு. யாழ்ப்பாணத்தில் ‘அலட்டாதை’ என்றால் வீணாகப் பேசாதே என்று பொருள். தமிழ்நாட்டில் அலட்டல் என்பது பெரும்பாலும் பகட்டைக் குறிக்கும். ‘விசர்க்கதை’ என்னும் ஈழ வழக்கு பேச்சின் குறையைப் பேசுபவரின் மனநிலையோடு முடிச்சுப் போடுகிறது. அகராதிகள் இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாகத் தருவதுண்டு. வழக்கில் இவை மாற்றுச் சொற்கள் அல்ல. குளறல் என்பது நாவின் குறை. சொல்ல வந்தது தெளிவாக இருந்தும் ஒலி சிதைகிறது. பிதற்றலில் நா சரியாகத்தான் இருக்கிறது. உணர்ச்சியோ பித்தோ மிகுந்து பேச்சு கரை மீறுகிறது. மழலையிலும் ஒலி சிதைகிறது, சொல் உருக்குலைகிறது. ஆனால் அதைக் குறையென்று யாரும் சொல்வதில்லை. குழலையும் யாழையும்விட இனியது என்று அதை உயர்த்துகிறது திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரம். ஒரே அளவு ‘பொருளற்ற’ ஒலி, அது எவர் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துக் குற்றமாகவும் குலவிளக்காகவும் மாறுகிறது.

இவற்றுள் உளறல் என்னும் சொல் தனியே கவனிக்கத்தக்கது. ‘என்ன உளறுகிறாய்?’ என்றால் பேச்சில் பொருளில்லை என்று ஆகிறது. ‘ரகசியத்தை உளறிவிட்டான்’ என்றாலோ, சொல்லக் கூடாத உண்மையைச் சொல்லிவிட்டான் என்று ஆகிறது. முதல் வாக்கியத்தில் உளறல் பொருளற்றது. இரண்டாவதில் பொருள் கூடிப்போனது. ஒரே சொல் இரண்டு எதிர்முனைகளிலும் நிற்க முடிகிறதென்றால், அது அடிப்படையில் சுட்டுவது பொருளின்மையை அல்ல, கட்டுப்பாடின்மையை என்று கொள்ள இடமிருக்கிறது. தூக்கத்தில், குடிபோதையில், பயத்தில் உளறுகிறோம். மூன்றிலும் இழப்பது நாவின் மீதுள்ள ஆட்சியை.

திருக்குறளின் 20ஆம் அதிகாரமான பயனில சொல்லாமையும் இங்கே நினைவுக்கு வரும். அந்தப் பத்துக் குறளும் (191 முதல் 200 வரை) கண்டிப்பது பொருளற்ற பேச்சை அல்ல, பயனற்ற பேச்சை. பயனில்லாத சொல்லுக்குப் பொருள் இருக்கலாம். வம்பளப்பில் ஒவ்வொரு வாக்கியமும் முழுப் பொருளோடுதான் இருக்கிறது. பொருளின்மை, பயனின்மை, பொய்ம்மை ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்ப்பது இந்தக் கேள்விக்குள் நுழையும் எவருக்கும் முதல் வேலை.

இலக்கணியர் விடை: பொருளில்லாத சொல் இல்லை

எல்லாச் சொல்லும் பொருளைக் குறித்தே நிற்கும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் பெயரியலின் தொடக்கக் கொள்கை. அடுத்த நூற்பாவே, சொல்லால் தன்னின் வேறான பொருளையும் அறியலாம், சொல்லைத் தன்னையும் அறியலாம் என்று அந்தக் கொள்கையை விரிக்கிறது. இதை அப்படியே ஏற்றால் பொருளற்ற சொல் என்பதே முரணான தொடர் ஆகிவிடும். ஆனால் அதே நூலின் இடையியல், அசைநிலை, இசைநிறை என்னும் இரண்டு வகைகளையும் ஒப்புக்கொள்கிறது. செய்யுளில் அசையாகச் சேர்ந்தும் ஓசையை நிறைத்தும் நிற்கும் இச்சொற்களுக்குப் பொருள் எங்கே என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

விடைக்கான குறிப்பு நூலுக்குள்ளேயே இருக்கிறது. மியா, இக, மோ, மதி, இகும், சின் ஆகிய ஆறையும் தொல்காப்பியர் வெறும் அசை என்று விட்டுவிடவில்லை. முன்னிலை அசைச்சொல் என்கிறார். அதாவது இவை எதிரே நிற்பவரை நோக்கிய பேச்சில் வருபவை. அகராதியில் இடம்பெறத்தக்க பொருள் இவற்றுக்கு இல்லாமல் இருக்கலாம்; யாரை நோக்கிய பேச்சு என்பதை இவை காட்டிவிடுகின்றன. பொருள் என்பதை ‘ஒரு பொருட்பெயர்’ என்று குறுக்கினால்தான் இவை பொருளற்றவை. பேச்சில் ஆற்றும் வேலையையும் பொருளில் சேர்த்தால் இவை பொருளுடையவை.

எதிரொலிச் சொற்களில் இந்த வாதம் இன்னும் தெளிவாகிறது. பணம் கிணம், பாம்பு கீம்பு, வேலை கீலை என்று தமிழர் நாள்தோறும் பேசுகிறோம். கிணம், கீம்பு, கீலை என்று எந்தப் பொருளும் உலகில் இல்லை. ஆனால் அவை உருவாகும் விதி கறாரானது. முதற்சொல்லின் முதலெழுத்து குறிலானால் ‘கி’, நெடிலானால் ‘கீ’, மற்றவை அப்படியே. கிளி, கீரி என்று கிகர, கீகாரத்தில் தொடங்கும் சொல்லை இந்த அச்சில் வார்த்தால் மூலமும் எதிரொலியும் ஒன்றாகிவிடுவதால் அமைப்பே தடுமாறுகிறது. இதன் பயனும் கறாரானது. ‘பாம்பு கீம்பு இருக்கப் போகிறது’ என்பவர் பாம்போடு தேளையும் பூரானையும் சேர்த்தே எச்சரிக்கிறார். ‘வேலை கீலை கிடைத்ததா?’ என்பதில் ஏளனமும் வரலாம், அக்கறையும் வரலாம். நீலகிரியில் தோடர் மொழியை ஆராய்ந்த எமனோ, 1938இல் அம்மொழியின் எதிரொலிச் சொற்கள் பற்றியும், திராவிட நாட்டுப்புறக் கதைகளில் அவை பெறும் இடம் பற்றியும் எழுதினார். இந்தியாவை ஒரு மொழியியல் நிலப்பரப்பாகக் கண்ட அவரது 1956ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் இவ்வமைப்பு சான்றுகளில் ஒன்று. தனியே எடுத்தால் ஒன்றுமில்லாத ஒலி, மொழிக்குடும்பங்களின் வேலியைத் தாண்டிப் பரவும் இலக்கணமாக இருப்பது சிறிய செய்தியல்ல.

இசையிலும் இதே நிலை. தாளக் கணக்கில் மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி என்று வரும் கொன்னக்கோல் சொற்கட்டுகளுக்கு அகராதிப் பொருள் இல்லை. ஆனால் ஒரு கலைஞர் ஐந்துக்குரியதை நான்கின் இடத்தில் சொன்னால் அது பிழை என்று அவை முழுவதும் அறியும். பிழைபட முடிகிற ஒன்றை வெற்றொலி என்று தள்ளிவிட முடியாது.

இலக்கணியர் விடையின் பலவீனம், அது சொல்லோடு நின்றுவிடுவதுதான். சொல்லெல்லாம் பொருளுடையவை என்பதால் சொற்களைக் கோத்ததெல்லாம் பொருளுடையதாகிவிடாது. 1957இல் மொழியியலாளர் சோம்ஸ்கி, எண்ணங்களுக்குப் பச்சை நிறத்தையும் நிறமின்மையையும் உறக்கத்தையும் ஒரே மூச்சில் ஏற்றி, இலக்கணம் பிசகாத ஆனால் பொருள் கூடாத வாக்கியம் ஒன்றைக் காட்டினார். அதற்கும் வெகு காலம் முன்பே பதஞ்சலியின் இலக்கண உரையான மாபாடியம் மாதுளை, அப்பம், ஆட்டுத்தோல் என்று தொடர்பில்லாதவற்றை அடுக்கி, தனித்தனியே பொருளிருந்தும் சேர்ந்து பொருள் தராத தொடருக்கு எடுத்துக்காட்டு தந்திருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியலே உரைநடை வகைகளுள் ஒன்றாகப் பொருளோடு பொருந்தாத பொய்ம்மொழியைச் சேர்த்திருக்கிறது. சொல் அளவில் மறுத்ததை உரை அளவில் தொல்காப்பியர் ஏற்றார் என்று கொள்வது தவறாகாது.

ஒலிக்கே பொருள் உண்டா

இலக்கணியரைவிட ஓரடி மேலே போய், புனைந்த ஒலிக்கும் இயல்பாகவே பொருட்சாயல் உண்டு என்பாரும் உளர். 1929இல் உளவியலாளர் கோலர் இரண்டு உருவங்களைக் காட்டி, புனைந்த பெயர் இரண்டில் எது எதற்கு என்று பொருத்தச் சொன்னார். 2001இல் வி. எஸ். ராமச்சந்திரனும் ஹப்பர்டும் ‘பூபா’, ‘கிகி’ என்னும் சொற்களைக் கொண்டு இதைப் புதுப்பித்தார்கள். பெரும்பாலோர் வளைந்த உருவத்துக்குப் பூபாவையும் முனைகள் நீண்ட உருவத்துக்குக் கிகியையும் தந்தனர். பின்னர் 25 மொழியினரிடம் செய்த ஆய்வில் சராசரியாக 72 விழுக்காட்டினர் இதே விடையைச் சொன்னார்கள். என்றாலும் எல்லா மொழியிலும் விளைவு ஒரே அளவில் இல்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவின் காரணம் வெளிப்படத் தோன்றாது என்று உரியியலில் எச்சரித்த தொல்காப்பியரை இந்த ஆய்வுகள் தோற்கடித்துவிடவில்லை. சில ஒலிகளுக்குச் சாய்வு உண்டு என்பது வரைக்கும்தான் சான்று பேசுகிறது.

மந்திரம்: பொருளா, ஒலியா

பொருளின்மையைக் குறையாக அன்றி இயல்பாகவே கொண்ட மரபும் பழையது. வேத மந்திரங்கள் பொருளற்றவை என்று கௌத்சர் வாதிட்டதாக யாஸ்கரின் நிருக்தம் சொல்கிறது. மந்திரத்தில் சொல்லை மாற்ற முடியாது, வரிசையை மாற்ற முடியாது. சடங்கில் எங்கே எதற்கு என்று வேறொரு நூல் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றுக்கொன்று முரணானவை வருகின்றன. பல சொற்கள் விளங்கவில்லை. பொருளைச் சொல்ல வந்த மொழி இப்படி இருக்குமா என்பது அவர் வாதம். மந்திரத்தில் உள்ளவை வழக்கில் உள்ள அதே சொற்கள்தாம், புரியாமை கற்காதவரின் குறையே தவிர மந்திரத்தின் குறையன்று என்பது யாஸ்கரின் மறுப்பு. சைமினியின் மீமாம்சை நூலும் இதே வழக்கை எடுத்துப் பொருளுண்மையின் பக்கம் நின்றது.

இருபதாம் நூற்றாண்டில் கௌத்சருக்கு எதிர்பாராத துணை கிடைத்தது. 1975 ஏப்ரலில் கேரளத்தின் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் நடத்திய பன்னிரண்டு நாள் அக்னிசயன வேள்வியைப் பதிவு செய்த பிரிட்ஸ் ஸ்டால், சடங்கு என்பது விதிகளால் ஆனது, பொருளால் ஆனதன்று என்னும் முடிவுக்கு வந்தார். 1989இல் வந்த அவரது நூலின் தலைப்பே பொருளற்ற விதிகள் என்பதுதான். சாமகானத்தில் இடையிடையே வரும் தோபம் என்னும் ஒலிகள் அவருக்கு வலுவான சான்று.

இதற்கு எதிரான நிலைப்பாட்டை அதற்கு முன்பே வகுத்தவர் இலங்கையில் பிறந்த தமிழரான மானிடவியலாளர் எஸ். ஜே. தம்பையா. சொற்களின் மந்திர ஆற்றல் பற்றிய அவரது 1968ஆம் ஆண்டுக் கட்டுரை, சிங்களப் பேயோட்டுச் சடங்குகளில் கேட்போருக்கு விளங்காத மந்திரங்களைப் பிரித்துப் பார்த்தது. விளங்காத ஒலி என்று ஒதுக்கப்பட்டவை சிங்களம், தமிழ், பாலி, சமஸ்கிருதம் எனப் பல மொழிகளின் கலவையாக இருந்தன. பேய்களுக்குப் புரியும் மொழி என்னும் நம்பிக்கையே அந்தக் கலவைக்கு அடிப்படை. அதே சடங்கில் மக்களை நோக்கிப் பாடும் பகுதிகள் தெளிந்த சிங்களத்தில் இருந்தன. எவரை நோக்கிப் பேசுகிறோமோ அவருக்கேற்ப மொழி மாறுகிறது. தம்மை நோக்கிப் பேசாததைக் கேட்டவர் விளங்கவில்லை என்கிறார்.

ஸ்டாலின் வாதத்தை எளிதில் தள்ள முடியாது. ஓதுபவர் பலருக்குப் பொருள் தெரியாமலே மந்திரம் பிழையின்றி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கைமாறி வந்திருக்கிறது என்பது உண்மை. ஆயினும் ஓதுபவருக்குத் தெரியாமை வேறு, ஓதப்படுவதில் இல்லாமை வேறு. அவருடைய முடிவு முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவுவதாகத் தோன்றுகிறது.

வேற்றுமொழியும் மறைமொழியும்

பொருளின்மைத் தீர்ப்பு மிக அதிகமாகத் தவறிய இடம் அயலார் பேச்சு. கிரேக்கர் அயலாரைக் குறித்த ‘பார்பரோஸ்’ என்னும் சொல் திக்கித் தடுமாறும் பேச்சை ஒலியில் நடித்துக் காட்டுவது என்று பழைய புவியியலாளர் ஸ்ட்ராபோவே கருதினார். வடமொழி மிலேச்சம் என்னும் சொல்லும் தெளிவற்ற பேச்சைச் சுட்டியே அயலாரைச் சுட்டியது. சதபத பிராமணத்தில் அசுரர்கள் தோற்பது ஒலி பிறழப் பேசியதால்.

சங்கத் தமிழின் நிலை ஓரளவு வேறுபட்டது. வேங்கடத்துக்கு அப்பாலுள்ள நிலத்தைப் புலவர்கள் மொழிபெயர் தேயம் என்றார்கள். மொழி மாறுகிறது என்பதற்கு மேல் அதில் இகழ்ச்சி இல்லை. பட்டினப்பாலை காட்டும் புகாரில் பல மொழி பேசும் மாக்கள் கலந்து இனிது வாழ்கிறார்கள். முல்லைப்பாட்டில் பாசறைக் காவலரான மிலேச்சர் நாவால் பேசாமல் உடலால் பேசுகிறார்கள். அவர்கள் பேச்சு விளங்கவில்லை என்று சொல்லாமல், விளங்கும் வழியொன்றை நப்பூதனார் காட்டுகிறார். இதைக் கொண்டு பழந்தமிழர் அயல்மொழியை இகழவே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. யவனரின் வன்சொல்லைக் குறித்த பதிவுகளும் உண்டு. புரியாமையையும் பொருளின்மையையும் பிரித்துச் சொல்லும் சொல்லாட்சி அன்றே இருந்தது என்பது மட்டும் உறுதி.

வேண்டுமென்றே மறைத்த மொழியும் இதே தீர்ப்புக்கு ஆளாகியிருக்கிறது. சித்தர் நூல்களின் பரிபாசை தெரியாதவருக்கு அவை முன்னுக்குப் பின் முரணான பாட்டுகள். முப்பு என்னும் ஒரு சொல்லுக்கே எத்தனையோ விளக்கங்கள். ஹரப்பிரசாத சாஸ்திரி 1907இல் நேபாளத்தில் கண்டெடுத்த சரியாபதங்கள் என்னும் மறைபொருட் பாடல்களின் நடையை அவர் அந்திமொழி என்றார், அரையிருளில் தெரிவது போன்றது என்னும் கருத்தில். 1928இல் விதுசேகர பட்டாசாரியர் அதை மறுத்து, உள்நோக்கம் பொதிந்த மொழி என்று படித்தார். இருள் என்று ஒருவர் கண்டதை மற்றவர் திட்டம் என்று கண்டார். ஆங்கிலத்தில் பொருளற்ற பேச்சுக்கு வழங்கும் ‘கிப்பரிஷ்’ என்னும் சொல்லை, 1755இல் வந்த தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன், அராபிய இரசவாதி ஜாபிரின் பெயரிலிருந்து பிறந்திருக்கலாம் என்று ஊகித்தார். இன்றைய சொற்பிறப்பியலார் இதை ஏற்பதில்லை. பிழையான ஊகமே ஆனாலும், துறைமொழி வெளியாருக்கு உளறலாகக் கேட்கும் என்பதை அவர் கண்டுகொண்டது உண்மை.

பித்தன் பேச்சு என்னும் தீர்ப்பைப் பக்தி இலக்கியம் அறிந்தே பயன்படுத்தியது. சுந்தரரின் முதற்பதிகம் இறைவனைப் பித்தன் என்று விளித்துத் தொடங்குகிறது. குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழியின் மூன்றாம் பதிகத்தில், உலகத்தார் கண்ணுக்குத் தானும் தன் கண்ணுக்கு உலகத்தாரும் பித்தேறியவராகத் தெரிவதைப் பாடுகிறார். தீர்ப்பு இருபுறமும் பாயக்கூடியது என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன தத்துவ நூல்கள் குறைவு.

தர்க்கவாதிகளின் விடை

எது பொருளற்றது என்னும் இந்தத் தள்ளாட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க முயன்றவர்கள் வியன்னா வட்டத்தார். 1932இல் அவர்களுள் ஒருவரான கார்னாப், புனைந்த சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, எது அந்தச் சொல்லுக்குப் பொருந்தும் எது பொருந்தாது என்று சோதிக்க வழியில்லாவிட்டால் அது பொருளற்றது என்று காட்டினார். அதே அளவுகோலால் ஐடெக்கரின் மெய்யியல் வாக்கியங்களையும் அளந்து, அவை பொய்யானவை அல்ல, பொருளே அற்றவை என்று தள்ளினார். கூர்மையான அளவுகோல்தான். ஆனால் சோதிக்க முடிந்ததே பொருளுடையது என்னும் அந்தக் கொள்கையைச் சோதிப்பது எப்படி என்று கேட்டபோது அதற்கு நேரான விடை கிடைக்கவில்லை. 1921இல் வந்த தம் நூலின் முடிவில், தம் வாக்கியங்களே பொருளற்றவை என்று உணர்ந்து அவற்றைக் கடந்துவிட வேண்டும் என்று மெய்யியலாளர் விட்கென்ஸ்டைன் எழுதியது இந்த நெருக்கடியை முன்கூட்டியே ஒப்புக்கொண்டது போலிருக்கிறது.

நியாய நூலார் வேறு வழியில் போனார்கள். நியாய சூத்திரம் தன் இறுதிப் பகுதியில் வாதி தோற்றதாகக் கருத வேண்டிய 22 இடங்களை அடுக்குகிறது. அவற்றுள் மூன்று பொருளின்மை பற்றியவை. எழுத்துகளை வெறுமனே அடுக்குவது போன்றது நிரர்த்தகம். சொற்களுக்குள் தொடர்பில்லாதது அபார்த்தகம். மூன்று முறை சொல்லியும் அவையும் எதிர்வாதியும் அறியாதது அவிஞ்ஞாதார்த்தம். இருபொருள்பட, வழக்கிழந்த சொற்களால், மிக வேகமாகப் பேசித் தன் இயலாமையை மறைப்பதை உரைகாரர் வாத்ஸ்யாயனர் இதில் சேர்க்கிறார். நாவின் குறை, கோவையின் குறை, விளக்கத்தின் குறை என்று மூன்றும் பிரிந்து நிற்கின்றன.

இதைவிட நுட்பமானது மறுபக்கம். அவைக்கு விளங்கியதை, மூன்று முறை சொல்லப்பட்டதை, எதிர்வாதி மட்டும் அறியாவிட்டால் தோல்வி எதிர்வாதிக்கு. அதற்கு அஞ்ஞானம் என்று பெயர். அறிந்தும் திருப்பிச் சொல்ல மாட்டாவிட்டால் அதுவும் அவருடைய தோல்வியே, அது அனனுபாஷணம். ஆக, ‘எனக்குப் புரியவில்லை’ என்பது பேசியவரின் குற்றத்துக்குச் சான்றாகிவிடாது. பேச மீண்டும் மீண்டும் வாய்ப்பு, மூன்றாம் தரப்பாக ஓர் அவை, திருப்பிச் சொல்லும் கடமை ஆகிய மூன்றும் கூடிய பிறகே தீர்ப்பு. பொருளின்மை எது என்று வரையறுக்க முயன்று வியன்னாவினர் சிக்கிக்கொண்ட இடத்தில், பொருளின்மையைத் தீர்மானிக்கும் நடைமுறையை வகுத்து இவர்கள் தப்பினார்கள்.

இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு: எல்லாம் கேட்பவரைப் பொறுத்தது என்றால் உளறலே உலகில் இல்லை என்று ஆகாதா? ஆகாது. 1874இல் மருத்துவர் வெர்னிக்கே விவரித்த மூளைப் பாதிப்பில் பேச்சு தடையின்றி ஓடுகிறது, ஏற்ற இறக்கம் சரியாக இருக்கிறது. சொற்களோ இடம் மாறியும் இல்லாத சொற்களாக உருவாகியும் பொருளை இழக்கின்றன. பேசுபவரே பல நேரம் அதை உணர்வதில்லை. எந்த அவையில் மும்முறை கேட்டாலும் இது தேறாது. ஆனால் இங்கே உளறல் என்று சொல்வதில் ஒரு பிழை இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் ஏளனமும் கண்டனமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நோயாளி வாதத்துக்கு வந்தவரல்லர். அவரைத் தோற்றவர் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பொருளின்மை உண்மையாகவே இருக்கும் இடத்தில் இந்தச் சொல் மிகவும் பொருந்தாமல் போவது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. அவை ஏற்றால் போதும் என்றால், பட்டாடை உடுத்திய வெற்றுரையும் பொருளுடையதாகிவிடுமே? 1996இல் இயற்பியலாளர் ஆலன் சோக்கல் வேண்டுமென்றே அபத்தங்களைக் கோத்து எழுதிய கட்டுரையைப் பண்பாட்டு ஆய்விதழான ‘சோஷியல் டெக்ஸ்ட்’ வெளியிட்டது. 2005இல் எம்ஐடி மாணவர் மூவர் எழுதிய நிரல் தானாகத் தயாரித்த கணினியியல் கட்டுரையை ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. இரண்டிலும் அவை தலையாட்டியது. இங்கேதான் திருப்பிச் சொல்லும் கடமை உதவுகிறது. நியாய நூலார் அதை எதிர்வாதிக்கு விதித்தார்கள். அவைக்கும் அதை விரித்துக்கொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை. ஏற்றவர் எவராவது அக்கட்டுரையின் வாதத்தைத் தம் சொற்களில் சொல்ல முயன்றிருந்தால் அது அங்கேயே உதிர்ந்திருக்கும். தலையாட்டுவது புரிதலுக்குச் சான்றன்று. திருப்பிச் சொல்வதே சான்று.

அலுவலக மொழிக்கும் இதே சோதனை பொருந்தும். 1944இல் அமெரிக்க அதிகாரி மவ்ரி மேவரிக் தம் அலுவலகத்தின் குழப்ப நடையைத் தடைசெய்து, அதற்கு வான்கோழியின் கத்தலிலிருந்து ‘காபிள்டிகூக்’ என்று பெயர் வைத்தார். நம் அலுவலகங்களில் ‘பார்வையில் காணும் கடிதத்தின்பால் கவனம் ஈர்க்கப்படுகிறது’ என்று தொடங்கும் கடிதம் பொருளற்றதன்று. எழுத்தருக்கு அது தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டதோ, அந்த மனுதாரரால் அதைத் திருப்பிச் சொல்ல முடியாது. வாத்ஸ்யாயனர் சொன்ன வழக்கிழந்த சொற்களின் குற்றம் இதுவே. இங்கே தோற்றவர் மனுதாரர் அல்லர், அலுவலகம். மெய்யியலாளர் ஹாரி பிராங்பர்ட் 1986இல் எழுதிய கட்டுரையில் சுட்டிய, உண்மை பொய் இரண்டைப் பற்றியும் கவலைப்படாத பேச்சோ வேறு வகை. அதற்குப் பொருள் உண்டு, பொறுப்புத்தான் இல்லை. அதை உளறல் என்று சிரித்துத் தள்ளினால் பேசியவர் தப்பிவிடுவார்.

எஞ்சி நிற்பவை

மூன்று கேள்விகளுக்கு இன்னும் முடிவான விடை இல்லை. ஒலிக்கு இயல்பான பொருட்சாயல் எந்த அளவுக்கு உண்டு, அது மொழிக்கு மொழி ஏன் மாறுகிறது என்பது ஒன்று. பொருள் தெரியாமல் ஓதும் சடங்கில் பொருள் எங்கே தங்குகிறது, ஓதுபவரிடமா, மரபிடமா, ஓதும் முறையிடமா என்பது இரண்டு. ஸ்டாலும் தம்பையாவும் இதில் ஒத்துப்போகவில்லை, நடுவர் தீர்ப்பும் வரவில்லை. மூன்றாவது இன்றையது. இயந்திரங்கள் இப்போது தடையின்றி எழுதுகின்றன. கேட்டால் தாம் எழுதியதை வேறு சொற்களில் திருப்பியும் சொல்கின்றன. 2005இன் நிரலைப் பிடித்திருக்கக்கூடிய சோதனை இவற்றைப் பிடிக்குமா என்பது தெளிவாகவில்லை. திருப்பிச் சொல்லும் கடமை கேட்பவருடையது என்பதை விட்டுக்கொடுக்காத வரை அது முற்றிலும் பயனற்றுப் போகாது என்று மட்டும் சொல்லலாம்.

பொருளற்ற பேச்சு உண்டு. ஆனால் உளறல் என்று அழைக்கப்பட்டவற்றுள் அது சிறு பகுதியே. அயல்மொழி, துறைமொழி, மறைமொழி, மழலை, மந்திரம், எதிரொலிச் சொல் ஆகிய எதுவும் அந்தச் சிறு பகுதிக்குள் வராது. எனவே மெய்ப்பிக்கும் சுமை பேசியவர் மீது மட்டுமன்று, உளறல் என்று சொல்பவர் மீதும் இருக்கிறது. ஒலியில் குறையா, கோவையில் குறையா, விளக்கத்தில் குறையா, பயனில் குறையா என்று அவர் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாதவரை, நியாய நூலின் கணக்கில், தோற்றவர் அவரே.